கண்ணாடியில் ஒட்டிய வாய்

இந்த வாரப் பத்திக்கு ஒரு வெற்றிக் கதை எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கிழித்தது சரிதானா? அதுவும் தெரியவில்லை...

கதை இதுதான். வட்டவளையில் என் நாத்தனார் செல்வராணி இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். டிவியில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிறவள். சோடாப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் சீனி அதிகம் என்றார்கள். அன்றிலிருந்து அவள் குடியிருக்கும் லயத்து வரிசையில் பிள்ளைகள் ஒளிந்து நின்றுதான் சோடா குடிக்கிறார்கள். நூடில்ஸ் விளம்பரத்தில் ஒரு அம்மா அழகாகச் சிரித்தாள். ஞாயிறு தவறாமல் செல்வராணி வீட்டில் நூடில்ஸ்!

இரண்டு மாதத்துக்கு முன், யார் சொன்னாலும் எதையும் நம்பாத தன் கணவர் முத்தையாவின் சிகரட் பெட்டியில் இருந்த எச்சரிக்கைப் படத்தை – புண் பிடித்து அழுகிய ஒரு வாய் – வெட்டி எடுத்து, அவர் சவரம் செய்யும் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள்.

"மொகத்தப் பாக்கப் போனா அந்த வாயில்ல தெரியுது!" என்று மனிதர் என்னிடம் புலம்பினார். புலம்பிப் புலம்பியே சிகரட்டை விட்டும்விட்டார்.

படத்தைப் பார்த்து யாராவது திருந்துவார்களா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை செல்வராணி போன் செய்தாள்.

"மதினி, கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு. மூணு மாசமா ஆறவே மாட்டேங்குது. மொளகாயக்கூட நிப்பாட்டிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?"

செல்வராணி வெற்றிலை போடுகிறவள். பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டு புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் அவளுக்கு மழையிலும் கை ஓடும்.

கிளினிக்கில் முதலில் ஒரு தமிழ் நர்ஸ் படிவம் நிரப்பினார்.

"புகையிலை பாவிக்கிறீங்களா?"

"இல்லைங்க மிஸ்." செல்வராணி கண் இமைக்கவில்லை. பல் முழுக்கக் காவி! நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெட்கத்தில் பொய் சொல்கிறாளா?

உள்ளே சிங்கள டாக்டர். டோர்ச் அடித்து வாயைப் பார்த்தார்.

"துங்கொல கனவாத?" – சிங்களத்தில் அதே புகையிலைக் கேள்விதான்.

"ஓவ் மஹத்தயா!" என்று உடனே தலையாட்டினாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று விரலை மடக்கிக் காட்டவும் செய்தாள்.

டாக்டர் புண்ணிலிருந்து துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வர வேண்டும் என்றார். அவர் 'கட்டாயம்' என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் ராணி, நர்ஸ்கிட்ட பொய் சொன்ன?"

"நான் எங்க மதினி பொய் சொன்னேன்? அந்த மிஸ் புகையிலையான்னு கேட்டாங்க. அது பொக விடுறவங்களுக்கு. எங்க வீட்டுக்காரரு விட்டாரே, அந்த சிகரட்டு. நான் போடுறது போயிலதானே? டொக்டர் அதத்தான் கேட்டாரு. சிங்களக் கடையில துங்கொலன்னு சொல்லித்தானே வாங்குறேன்..."

"ரெண்டும் ஒண்ணுதான் ராணி."

"சும்மா இருங்க மதினி!" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

டிவி இத்தனை வருஷமாகப் 'புகையிலை' என்று கத்தியிருக்கிறது. அவளும் கேட்டிருக்கிறாள், நம்பியிருக்கிறாள் – புருஷனுக்காக. டிவியை மட்டும் சொல்வானேன்? நான் பேசும்போது போயிலை என்பவள். பேனாவை எடுத்தால் மட்டும் புகையிலை. இந்தப் பத்தியிலேயே எத்தனை தடவை அப்படி எழுதித் தள்ளியிருக்கிறேன்! வெட்கமாக இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், செய்தி போய்ச் சேர்ந்ததா, இல்லையா? முத்தையா விட்டுவிட்டாரே... சேர்ந்திருக்கிறது. படத்தை வெட்டி ஒட்டியவளின் வாயிலேயே புண் இருக்கிறதே... சேரவில்லை. எதையும் நம்பாத மனிதரை மாற்றிய படம், எல்லாவற்றையும் நம்புகிறவளை ஏன் கைவிட்டது? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. கோபமும் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் செல்வராணி மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தாள். கறுப்புப் போயிலைத் துண்டைத் தேடிப் பிடித்து, ரோட்டோரச் சாக்கடைக் கானில் வீசினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் பையை மூடவில்லை.

"அப்ப பாக்கு போடலாந்தானே மதினி? அதப் பத்தி டிவியில ஒண்ணுமே சொல்லலியே?"

"கூடாது ராணி. பாக்கும் ஆகாது."

"எந்தப் பாக்கு – பச்சப் பாக்கா, காஞ்ச பாக்கா?"

நம் ஊரில் பாக்குக்கு எத்தனை பெயர் உண்டோ, அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.