துவாயில் சுற்றிய இரண்டு விளக்குகள்

பேனாட் நடுவிரலை மடக்கி, கார்க் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டில் இரண்டு முறை தட்டுகிறார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்கிறார். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் அவர் குடியிருக்கும் மாடிவீட்டின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் புதிதாக ஒரு கார் நின்றால், அது யாருடையது என்று விசாரிக்கும் முன்பே இந்தத் தட்டு நடந்துவிடும். 'டங்' என்றால் நல்ல தகடு. 'டொக்' என்றால் உள்ளே துரு. குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டும் ஊரில் 'டொக்'தான் அதிகம். அதைக் கேட்கும்போது அவருடைய முகத்தில் சின்னதாக ஒரு நிம்மதி வந்து போகும்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. மன்னாரிலிருந்து வந்தவர். கார் திருத்தும் இடமொன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஒஸ்லோவில் அவரை அறிந்த தமிழர் யாராவது பழைய கார் வாங்கப் போனால், "பேனாட் அண்ணை தட்டிப் பாத்தவரோ?" என்றுதான் வீட்டில் முதல் கேள்வி வரும். அவரோ சத்தமே போடாத ஒரு சின்ன மின்சாரக் காரில் வேலைக்குப் போய் வருகிறார். அது மனைவி கரோலினாவின் தெரிவு. "இது கார் இல்லை, உருளுற பிரிட்ஜ்" என்பார். ஆனாலும் அதைக் கழுவாமல் விட்டதில்லை.

அவருடைய கார் அவருடைய கைத்தொலைபேசியில் இருந்தது. 1994ஆம் ஆண்டு ஜெர்மனியில் செய்த கார், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடியது. பிறந்தநாள் விழா மண்டபங்களில் யாராவது பக்கத்தில் அகப்பட்டால் படத்தைக் காட்டித் தொடங்கிவிடுவார்.

"யப்பானிலை எல்லாருக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம், எங்கடை ஊர் மாதிரி. ஆனா பெரிய காசுக்காரர் வெளிநாட்டுக் காரெண்டு காட்டுறதுக்கு இடப்பக்க ஸ்டியரிங்தான் கேட்டு எடுத்தவங்கள். எடுத்துப்போட்டு ஓடினதும் இல்லை, மூடி வச்சிருந்தவங்கள். உப்புப் படாத கார்! முப்பது வயசாகட்டும், இஞ்சை வரி இறங்கும். அப்ப கப்பலிலை ஏத்துறதுதான்."

கேட்பவர் இந்த இடத்தில் சாப்பாட்டு மேசைக்கு ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவார்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொன்ன பேனாட் ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. அந்தக் கார்களின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தாலும், முன்விளக்குகள் யப்பான் வீதிக்கென்று செய்தவை. இடப்பக்கமாக ஓடும் ஊருக்கு ஏற்றபடி வெளிச்சத்தை இடப்பக்கம் உயர்த்தும். வலப்பக்கமாக ஓடும் நோர்வேயில் அது எதிரே வருபவனின் கண்ணுக்குள் போகும். விளக்கை மாற்றாமல் பரிசோதனையில் தேற முடியாது. மாற்று விளக்கு இலகுவில் கிடைக்கவும் மாட்டாது. பேனாட் ஒன்பது வருடத்துக்கு முன்னர் ஒரு பழைய பாகச் சந்தையில் ஒரு சோடியைக் கண்டு வாங்கி, நீலத் துவாயில் சுற்றி, நிலவறைச் சாமான் அறையில் வைத்திருந்தார். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவற்றை எடுத்து, கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, சட்டை நுனியால் துடைத்து, திரும்பச் சுற்றி வைப்பார். இதை மட்டும் ஏன் ஒளித்தேன் என்று சில வேளைகளில் தன்னையே கேட்டிருக்கிறார். பதில் தெரிந்தபடியால் அதற்குமேல் கேட்கவில்லை.

கார் முப்பது வயதைத் தொட்ட வருடம் வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்து, சேர்த்த காசு அதற்கே போனது. அடுத்த வருடம் கிளின்ரன் யப்பானிலிருந்து அதே காரை வாங்கினான்.

கிளின்ரன் கரோலினாவின் தங்கையின் கணவன். இரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், கணினி வேலை. விழா மண்டபத்தில் ரோல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மிச்சக் கதையையும் கேட்ட ஒரே ஆள் அவன்தான். "அண்ணை, கப்பல் சிங்கப்பூர் தாண்டிட்டுது" என்று படம் அனுப்புவான். பேனாட் பெருவிரல் அடையாளம் ஒன்றை அனுப்புவார். அந்தக் கப்பலை வரைபடத்தில் கிளின்ரனைவிட அவரே அதிகம் பார்த்தார். வழியில் கடும் காற்று என்று செய்தி வந்த நாளில் மூன்று தடவை பார்த்தார். பிறகு வெட்கப்பட்டு, தொலைபேசியை வேலைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் பியோர்ண்டாலில், கிளின்ரன் வீட்டுக் கார்க் கொட்டகைக்குள் அது நின்றது. கரும்பச்சை. படத்தில் இருந்ததைவிடப் பதிவாக, பாயப் போவதுபோல் நின்றது.

"தட்டுங்கோ அண்ணை."

தட்டினார். டங். பின்சில்லுக்கு மேலே தட்டினார். டங். குனிந்து, படுத்து, அடியில் போய்த் தட்டினார். பன்னிரண்டு இடத்திலும் கோயில் மணிமாதிரிச் சத்தம்.

"ஹெல்ட் பெர்ஃபெக்ட், முழுக்கச் சரி, என்ன?"

"ம்."

"புதன்கிழமை செக்கிங். பாஸ் பண்ணினா வெள்ளிக்கிடையிலை நம்பர் வந்திடும். ஞாயிறு பூசை முடியப் பாதர் மந்திரிக்கிறன் எண்டவர். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். வேறை ஏதும் குறை இருக்கோ?"

பேனாட் முன்விளக்குகளைப் பார்த்தார். புதன்கிழமை கார் திருப்பி அனுப்பப்படும். ஞாயிறு கோயில் வளவில் அதற்கென்று விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கும். எல்லோரும் தன்னிடம் வந்து, "என்னவாம் அண்ணை, சரிவரேல்லையாம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு இனிமையாக இருக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது.

"ஒண்டும் இல்லை" என்றார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னப்பா, துருவோ?" என்றாள் கரோலினா.

"ஒரு பொட்டும் இல்லை."

"பின்னை ஏன் செத்தவீட்டுக்குப் போட்டு வந்த மாதிரி? பதினைஞ்சு வருசம் ஊருக்கெல்லாம் சொன்னியள். ஒருத்தன் கேட்டிட்டான். அது அவன்ரை பிழையோ?" தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "கீழை கிடக்கிற லைற் ரெண்டையும் இனி என்ன செய்யப் போறியள்? விக்கிறதெண்டால் வில்லுங்கோ. அந்த இடத்திலை என்ரை சூட்கேஸ் ரெண்டு வைக்கலாம்."

சூட்கேஸ் என்ற சொல் அவரை எங்கேயோ தொட்டது. கார் இல்லாத விளக்கு வெறும் கண்ணாடிதான் என்று அதுவரை ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும், உருளுகிற பிரிட்ஜின் முன் ஆசனத்தில் நீலத் துவாய்ப் பொட்டலத்தை வைத்து, ஆசனப் பட்டியும் பூட்டி, பியோர்ண்டாலுக்குப் போனார்.

"லைற்றைப் போடு."

கிளின்ரன் போட்டான். கொட்டகையின் சுவரில் வெளிச்சம் நேராக விழுந்து, ஒரு பக்கம் படிபோல ஏறியது.

"எந்தப் பக்கம் ஏறுது?"

"இடப்பக்கம்."

"இஞ்சை எதிரிலை வாறவன் உனக்கு எந்தப் பக்கத்தாலை வாறவன்?"

கிளின்ரன் சுவரைப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தான். "ஸ்டியரிங் சரியான பக்கம்தானே எண்டு நான்..."

"ஸ்டியரிங் மட்டும் பாத்தால் காணாது தம்பி. நாளைக்கு உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்."

"நேற்று ஏன் சொல்லேல்லை அண்ணை?"

"நேற்றுச் சொல்ல விருப்பமில்லை."

சிரிக்க வேண்டுமா என்று கிளின்ரனுக்குத் தெரியவில்லை. பேனாட் தரையில் துவாயை விரித்தார். இரண்டு விளக்குகளும் அப்போதுதான் கடையில் எடுத்தவைபோல் இருந்தன.

"இதுகள் எங்காலை?"

"என்ரை காருக்கு வாங்கினது."

"எந்தக் காருக்கு?"

"அந்தத் திருப்புளியை எடு" என்றார் பேனாட்.

புதன்கிழமை கார் தேறியது. ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் வளவுக்கு வந்தபோது, கரும்பச்சை நிறம் வெயிலில் கண்ணைப் பறித்தது. பிள்ளைகள் தங்கள் முகத்தைக் கதவில் பார்த்துச் சிரித்தார்கள். "கிளின்ரன்ரை கார் நல்ல வடிவு, என்ன" என்று பேனாட்டின் காதுக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் சொன்னார்கள். பாதர் செபித்து, தீர்த்தத்தை முன்பக்கம் தாராளமாகத் தெளித்தார். கிளின்ரன் தலைகுனிந்து சிலுவை அடையாளம் போட்டான். எல்லோரும் "ஆமென்" என்றார்கள்.

பேனாட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். "என்னப்பா, தீர்த்தம்!" என்று கரோலினா கையைப் பிடிக்கப் பார்த்தாள். அவர் காருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். காற்சட்டைக்குள் விட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நுனியை வெளியே இழுத்தார். துளிகள் நின்ற விளக்குக் கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, முதலில் இடப்பக்கத்தை, பிறகு வலப்பக்கத்தை, ஒரு பொட்டு ஈரமும் இல்லாமல் துடைத்தார்.