சரோஜா அக்காவுக்குக் கொடுத்த பேட்ஜ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களை எல்லாம் கூட்ட அறையில் உட்கார வைத்தார்கள். மன்னார்புரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன். நர்சுகள், துப்புரவுப் பெண்கள், லிஃப்ட்காரர், நான் என்று இருபது பேருக்குக் குறையாது. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற இடங்களில் வேலை செய்பவர்களுக்குக் கதிர்வீச்சைப் பற்றி என்ன தெரியும், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். முதலில் கேள்வித்தாள், பிறகு பாடம் என்றாள். கேள்வித்தாள் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டேன்.

கேள்வித்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் அந்தப் பெண் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பேட்ஜைத் தூக்கிக் காட்டினாள். சட்டையில் மாட்டிக்கொள்ளப் பின்னால் கிளிப் இருந்தது.

"இது எதுக்குன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வகுப்பில் எனக்கு விடை தெரிந்திருந்தது. கையைத் தூக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் சொல்லிவிட்டாள்.

"அந்தக் கதிரு நம்ம மேல படாம காப்பாத்தும் மேடம்."

அதேதான் என் விடையும்.

"நெறைய பேரு இப்படித்தான் சொல்றாங்க. இது யாரையும் காப்பாத்தாது. உங்க மேல எவ்வளவு விழுந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். மழையில வாளிய வெளிய வச்சா எவ்வளவு பெஞ்சுதுன்னு தெரியும். வாளி குடை ஆகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தூணில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சிமெண்டு குளிர்ச்சியாக இருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் சரோஜா அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு அக்காவைத் தெரியாது. சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எக்ஸ்ரே நிலையம் இருந்தது. நான் அங்கே டார்க் ரூமில் வேலை பார்த்தேன். எடுத்த படத்தை இருட்டில் கழுவித் தருகிற வேலை. சிவப்பு பல்பு ஒன்று, மருந்துத் தொட்டிகள் மூன்று. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், யாரோடும் பேச வேண்டாம். கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்குமா? அந்த மருந்துக்குப் புளித்த காடி வாசனை. சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும்.

நகமெல்லாம் பழுப்பேறிவிடும். முசிறியில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா என் விரலைப் பார்த்துவிட்டு, "பீடிப் பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார். இல்லை, இது மருந்துக் கறை என்று விளக்க வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு நீளமாக யார் பேசுவது? "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. இதைச் சொல்லிப் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்ரே எடுப்பவர் சேகர் அண்ணன். உதவிக்குச் சரோஜா அக்கா. அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. கை முறிந்த குழந்தைகள், நெஞ்சுச் சளி கட்டிய குழந்தைகள் எல்லாம் லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும். அந்தக் கருப்பு மெஷினைப் பார்த்தாலே வீறிட்டு அழும். அக்காதான் பிடித்துக்கொள்வாள். "மூச்ச இழு, அடக்கு, விடுடா என் ராசா" என்று அவள் சொன்னால் அழுகிற பிள்ளையும் இழுத்து அடக்கும். சேகர் அண்ணன் மறைப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவார். கதிரைத் தடுக்கிற ஈயக் கவசம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைத்தான் அக்கா மாட்டிக்கொள்வாள். ஒரு மூட்டை அரிசியைத் தோளில் போட்ட மாதிரி கனக்கும்.

பேட்ஜ் மூன்று பேருக்குத்தான்: டாக்டர், சேகர் அண்ணன், நான். அக்காவுக்குக் கிடையாது. கொடுக்கும்போது டாக்டர் ஒரே வாக்கியம் சொன்னார்: "இது இல்லாம ரூமுக்குள்ள போகக் கூடாது." வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. என் இடுப்பில் அம்மா கட்டிவிட்ட தாயத்து ஒன்று இருந்தது. இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். சேகர் அண்ணன் தன்னுடையதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். "தொலைஞ்சா டாக்டர் தோலை உரிச்சுடுவாரு" என்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் பேட்ஜ் கொடுத்த லேபுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அளவு குறித்துத் தாள் வரும். அந்தத் தாளை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அக்கா டார்க் ரூம் கதவைத் தட்டிச் சொன்னாள்: "ரெண்டு மாசம்டா. சேகர்கிட்ட சொல்லிடாத. டாக்டருக்குத் தெரிஞ்சா வேலைக்கு வராதம்பாரு."

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து உண்டானது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தேன். "இத மாட்டிக்கங்கக்கா. எனக்கு இருட்டுல என்ன ஆகப்போவுது." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லப்போனால், என் இருபத்திரண்டு வயதில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து அக்கா கவசத்தை மாட்டிக்கொள்ளவில்லை. "வயித்த அமுக்குதுடா. அதான் இது இருக்கே" என்று தலைப்புக்குள் இருந்த பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள்.

அவளுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம்.

"உன் பேட்ஜுல ரொம்ப ஜாஸ்தியா வந்திருக்கு, என்னன்னு விசாரிச்சு எழுதுங்கன்னு லேபுல கேட்டிருக்கான். டார்க் ரூம்ல இருக்கறவனுக்கு எப்படிடா இவ்வளவு? மெஷின் பக்கத்துல கழட்டி மாட்டிட்டுப் போயிட்டியா?"

விளக்க வேண்டும். அக்கா பேரைச் சொல்ல வேண்டும்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் அப்படியே எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? நேராக அக்காவிடம் போனேன். ஜாஸ்தி என்றால் நல்ல மார்க் என்று என் புத்திக்குப் பட்டிருந்தது. "நல்லா வேலை செய்யுதுக்கா. நெறைய புடிச்சிருக்காம்" என்றேன். அக்கா சிரித்தாள்.

அடுத்த மாதம் அக்கா வேலைக்கு வரவில்லை. "கலைஞ்சு போச்சாம்" என்று சேகர் அண்ணன் சொன்னார். போய்ப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் போகவே இல்லை. அவளும் திரும்பி வரவில்லை.

இப்போது அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்கு வருகிறேன். மறுநாள் வராண்டாவில் அவளைப் பிடித்து, யாரோ ஒருவருடைய கதை போல எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதனாலதான் கலைஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுண்ணா. ஆயிரம் காரணம் இருக்கும்."

"அந்த லெட்டரு?"

"அது விசாரிக்கச் சொல்லி வர்றதுதான். உண்மை தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அவங்கள அந்த ரூமுக்கு வெளிய நிறுத்தியிருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். அக்கா அங்கே இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். அந்தக் கரு கலைந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த அவள் மகன், அம்மா மண்டபம் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அக்கா உட்கார்ந்து தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அட, டார்க் ரூம்! வாடா இங்க. எதுக்கு ஒளிஞ்சிருக்கற போலீஸ்காரன் மாதிரி நிக்கற? இன்னும் அந்தத் தலை நிமிரவே இல்லையா?"

சொன்னேன். வாளி, குடை, கடிதம், என் "ஆமா சார்" எல்லாம் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அக்கா தாள் இல்லாமலே இரண்டு தடவை ஸ்டேப்ளரை அழுத்தினாள்.

"அப்ப பப்பாளி இல்லையா?"

"என்னக்கா?"

"எங்க மாமியா சாகற வரைக்கும் சொன்னாங்கடா. 'பப்பாளிய தின்னு என் பேரப்புள்ளயக் கரைச்சுட்டா'ன்னு. ஒரே ஒரு துண்டு. பக்கத்து வீட்ல குடுத்தாங்க. இவரும் நம்புனாரு. நானுந்தான்."

"தெரியலக்கா. அதுவா, இதுவா, ரெண்டுமே இல்லையான்னு யாருக்கும் தெரியாதாம்."

"பின்ன எதுக்குடா வந்த?"

கீழே விழுந்து கிடந்த ஸ்டேப்ளர் பின்களைப் பொறுக்கி மேசையில் வைத்தேன்.

"டாக்டர் கேட்டப்ப என் பேரச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்கா."

"வேலைய விட்டு நிறுத்தியிருப்பாரு."

"ஆமாக்கா."

"நிறுத்தட்டுமே. வீட்ல கெடந்து பெத்திருப்பனோ என்னவோ."

ஒருவர் வந்து ஆதார் கார்டை நீட்டி, முன்னும் பின்னும் இரண்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். என்னை டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான். நான் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு ஏதோ எழுதுதுன்னியே. அதுல என் பேரைப் போடச் சொல்லு. உன் பேருல கெடக்கற அளவு என்னுதுன்னு எழுதச் சொல்லு."

திரும்பும்போது சத்திரத்தில் இறங்கிப் பார்த்தேன். அந்த மாடி இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிற கடைகள். டாக்டர் இறந்துவிட்டார், சேகர் அண்ணனும் போய்விட்டார். டார்க் ரூம் என்ற ஒன்றே இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. படம் நேராகக் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. எந்த மருந்தும் எதையும் கழுவுவதில்லை.

அக்கா சொன்னதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"ஆராய்ச்சியில யார் பேரும் போடக் கூடாதுண்ணா. அதுதான் விதி. 'ஒரு பெண் உதவியாளர்'னுதான் எழுத முடியும்."

அவள் மேல் தப்பில்லை. அந்தப் பழைய தாள் எங்காவது இருந்தால் அதில் என் பேர்தான் இருக்கும். அக்கா கேட்டாள் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். அந்த மாதங்களில் பேட்ஜ் என் சட்டையில் இல்லை. அது சரோஜா அக்காவின் புடவைத் தலைப்புக்குள் இருந்தது. டாக்டர் கேட்டபோது நான் பொய் சொன்னேன்.