கதவில் மாட்டிய பச்சை வளையம்

எங்கள் அப்பா வீட்டில் இருந்ததைவிடக் கடலில் இருந்ததுதான் அதிகம். சரக்குக் கப்பலில் எந்திரத்துக்கு எண்ணெய் போடும் வேலை. எப்போதாவது தாராவிக்கு வந்தால் பார்த்தது, பார்க்காதது எல்லாவற்றையும் அளப்பார். சீமையில் கிறிஸ்மஸ் வந்தால் வீட்டுக்கு வீடு கதவில் பச்சை இலை வளையம் மாட்டுவார்கள் என்று அவர் சொன்னதைத் தம்பியும் நானும் வாயைப் பிளந்து கேட்டோம். "அடுத்த கிறிஸ்மஸுக்கு நம்ம கதவுலயும் ஒண்ணு மாட்டிருவோம்ட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார்.

அது அறுபதுகளில் ஒரு வருஷம். மழைக்காலத்தில் கப்பல் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். புயலுக்குப் பிறகு கப்பலிலிருந்து எந்தத் தகவலும் இல்லை என்றார். பக்கத்துக் கோலியில், எங்களுடையதைப் போன்ற ஒற்றை அறை வீட்டில், இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. "தகவல் இல்லன்னுதான சொன்னாரு? ஆளு இல்லன்னா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போனாள். நினைவு ஜெபம் ஒன்று வைத்துவிடலாமே என்று கோயில் உபதேசியார் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அதன்பிறகு அவர் தலை தெரிந்தாலே அம்மா வேறு சந்தில் திரும்பிவிடுவாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே அற்றுப்போனது. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா எப்போது வருவார் என்று கேட்டால் "கிறிஸ்மஸுக்கு" என்பாள். இன்னொரு தடவை கேட்டால் முதுகில் ஒன்று விழும். கேட்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது என்று நாங்களும் கற்றுக்கொண்டோம்.

கிறிஸ்மஸ் நெருங்கியபோது அம்மா என்னை மாஹிமுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை. கம்பியில் சவுக்கு இலை சுற்றிய வெறும் வளையங்கள் தொங்கின. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பூ வைத்துத் தரட்டுமா, ரிப்பனில் பேர் எழுத வேண்டுமா என்று இந்தியில் கேட்டார். "நை, நை. காலி தேதோ", வெறும் வளையமே போதும் என்றாள் அம்மா. பம்பாயில் இவ்வளவு மரியாதையாகப் பேசும் கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைத் தம்பி தெருவெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். என்னுடைய அறுந்த பாசிமணி மாலையைப் பிரித்துச் சிவப்பு மணிகளாகக் கோத்தோம். சலங்கை மணியை மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா என்று எனக்கும் தம்பிக்கும் அடிதடி. அம்மா தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்தாள். "அங்க பனி இப்பிடித்தான் உக்காந்திருக்குமாம். உங்கப்பா சொன்னாக" என்று இலை மேல் துளித்துளியாக ஒட்டினாள். தம்பியின் மூக்கிலும் கொஞ்சம் ஒட்டிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "அவுக வந்து பாத்தா அசந்துருவாக" என்றாள்.

ஆனால் எங்கள் சாலில், அந்த ஒட்டு வீட்டு வரிசையில், இலை வளையத்தை யாராவது பார்த்திருந்தால், அது பெரிய மனிதர் பிணத்தின் நெஞ்சின் மேல்தான். தண்ணீர் பிடிக்கப் போனவள் குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். அத்தை வந்து பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள். "ஏ என் தம்பி! போயிட்டியே! இப்பவாவது ஒத்துக்கிட்டாளே இவ!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

அம்மா அவளைப் பிடித்துத் தள்ளினாள். "ஐயோ, மைனி! இது கிறிஸ்மஸுக்கு மாட்டுனது! அவுக சொன்னது! அவுக வந்துருவாக!" என்று கத்தினாள். கேட்டவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சாவு விழுந்த வீட்டில் முதல் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். சாயங்காலம் துணி மூடிய தட்டுகள் வர ஆரம்பித்தன. அச்சுமுறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து! தம்பிக்கு எச்சில் ஒழுகியது. அம்மா ஒரு தட்டையும் வாங்கவில்லை. "எங்க வீட்ல நாங்களே சுடுவோம்" என்று ஒவ்வொன்றாகத் திருப்பியனுப்பினாள். வந்த பலகாரத்தை வேண்டாம் என்கிற அம்மாவும் ஒரு அம்மாவா என்று நான் பொருமினேன்.

பிறகு ஸ்டவ்வைத் தூக்கி வாசற்படியில் வைத்தாள். வளையத்துக்கு நேர் கீழே, தெரு பார்க்க, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். ரேஷன் அரிசி மாவு, இருந்த சொட்டு எண்ணெய். முறுக்கு கல்லாக வந்தது. தம்பி ஒரு கடி கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டான். அம்மா யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் பிழிந்துகொண்டே இருந்தாள். அப்பா வரவில்லை.

அடுத்த வருஷம் வளையம் வாங்க நாங்கள் போகவில்லை. ஸ்டவ் வாசலுக்கு வரவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் அத்தை ஒரு தட்டோடு வந்து, உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றாள். அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க, மைனி" என்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அப்பாடா, ஒரு வருஷத்துச் சண்டை தீர்ந்தது என்று எனக்கு ஒரே கும்மாளம். கைக்கொரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாலில் ஒரு கதவு விடாமல் தட்டி, "எங்கம்மா தட்டு வாங்கிட்டா! நீங்களும் கொண்டாங்க, வாங்கிக்கிடுவா!" என்று கூவினேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டு அக்கா என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முந்திரிக்கொத்து நசுங்கிவிடுமே என்று நான் திமிறினேன். எங்கள் அப்பா செத்துப்போன சேதியை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.