ஷிப்டுக்கு நான்கு பேர்

ஓசூரில் நான் பார்த்த வேலைக்குப் பெயர் பாதுகாப்பு அதிகாரி. பெயருக்குத்தான் அதிகாரி, ஹெல்மெட் போடு, ஷூ போடு என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் பிழைப்பு. எங்கள் ஆலையில் பெரிய அம்மோனியா தொட்டி ஒன்று இருந்தது. அது கசிந்தால் மதிலை ஒட்டியிருக்கும் ஊர் என்ன செய்வது என்பதை ஊர்க்காரர்களோடு கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில்.

கலந்து பேசுவதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். கூட்டத்துக்கு முந்தின நாளே தீர்மானத்தை டைப் அடித்துவிடுவேன். 'சைரன் ஒலித்ததும் அனைவரும் பள்ளி மைதானத்துக்குச் செல்வது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.' டீயும் பன்னும் கொடுப்பதற்கு முன்பே கையெழுத்து நோட்டைச் சுற்றுக்கு விட்டுவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன், அதில் பெருமை வேறு.

அன்றும் ஆண்கள் தங்களுக்குள் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டு, என்னிடம் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றார்கள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பூப்பண்ணையில் ரோஜா வெட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு கட்டட வேலையில சாரத்துல இருந்து வுழுந்து அஞ்சு வருசமா படுத்த படுக்கை. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. நீங்க பாட்டுக்கு ஓடுன்றீங்க. அவர என்னா பண்றது?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, உட்காருங்க" என்றேன். அவள் கையெழுத்து ஏற்கெனவே நோட்டில் இருந்தது.

அடுத்த வாரம் காலை ஒத்திகை வைத்தோம். சைரன் ஊதியது. ஊரே சிரித்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு வந்தது. ஒரு கிழவர் ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். 'அனைவரும் பாதுகாப்பாக வெளியேறினர்' என்ற வரியும் முன்பே டைப் அடித்ததுதான். தலைகளை எண்ணியபோது அந்தப் பெண்ணைக் காணவில்லை. பொறுப்பே கிடையாதா இந்த ஜனங்களுக்கு என்று முனகிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

மதிலுக்கு மிக அருகில் இருந்த வீடு அது. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். கதவைத் திறக்க அவளுக்கு நேரம் ஆயிற்று. வாசற்படியை ஒட்டி ஈரச் சாக்குகளைத் திணித்து வைத்திருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவர். இருவர் முகத்திலும் நனைத்த துண்டு.

"ஏம்மா வரலை?"

துண்டை இறக்கினாள். "ஒத்தையா என்னால தூக்க முடியாது சார். வுட்டுட்டு ஓடவும் மனசு வரல. அதான் ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

கோபப்படத்தான் போயிருந்தேன். நிஜமாகவே தொட்டி கசிந்தால் அந்தச் சாக்கு எத்தனை நிமிடம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

ஆலைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மேலாளர், "ஒரு வீடுதானே, ஆம்புலன்ஸை வரச் சொல்லிக்கலாம்" என்றார். "அது வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் சார்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்தை அந்த வீட்டு வாசலில் போட்டேன். எதையும் டைப் அடித்து எடுத்துப் போகவில்லை. டீயை முதலிலேயே கொடுத்துவிட்டேன். அதிசயமாக, யாரும் எழுந்து போகவில்லை.

யார் தூக்குவது என்பதில் ஆரம்பித்தது சண்டை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை. பகலில் இருப்பவன் ராத்திரி இருக்க மாட்டான். ஆகவே மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக நான்கு பேர் வேண்டும். பகல் ஷிப்டுக்கு ஓர் ஆண்தான் தேறினார், மூன்று பெண்கள் "நாங்க தூக்க மாட்டமா?" என்று பெயர் கொடுத்தார்கள். ஓர் இளவட்டம், "எதுக்கு வம்பு? பைக்ல உக்கார வெச்சு கயித்துல கட்டிரலாம்" என்றான்.

"டேய், நான் என்னா சிமெண்டு மூட்டையாடா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்தவர் விடவில்லை. "பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினு போறதா பேசறீங்களே, சாயங்காலம் கம்பெனி பொகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தீங்களா? நான் தெனம் இந்த ஜன்னல்ல அதத்தான் பாத்துனு கெடக்கறேன். நேரா பள்ளிக்கூடத்து மேலதான் போவுது."

நான் எழுந்து போய் அவர் தலைமாட்டில் நின்று பார்த்தேன். மணி ஐந்து இருக்கும். எங்கள் பாய்லர் புகை பள்ளி மைதானத்தின் மேல்தான் படுத்திருந்தது. அந்த மைதானத்தை நான் வரைபடத்தை வைத்து, என் மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருந்தேன். காலையில் மட்டும் ஒத்திகை வைத்துவிட்டுக் கை தட்டியிருக்கிறோம். காற்று பள்ளிக்கூடத்துப் பக்கம் வீசினால் ஊரின் மறுபக்கத்து மாந்தோப்புக்குப் போவது என்று அன்று எல்லோருமாக முடிவு செய்தோம்.

இரண்டாவது ஒத்திகையை மாலையில் வைத்தோம். சைரன் ஊதிய ஆறாவது நிமிடம் கட்டில் தோப்புக்குள் வந்துவிட்டது. வழி முழுக்க, "பாத்து, பாத்து" என்று அவர் அதட்டிக்கொண்டே வந்தார். அவர் மனைவி துண்டும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் ஓடிவந்தாள். தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தேன். கட்டிலைத் தூக்க நான்கு பேரும் குனிந்தார்கள்.

"இருங்கடா. இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே வுடுங்க" என்றார். மரங்களுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனதத் தவுத்து, இந்த அஞ்சு வருசத்துல இன்னிக்குத்தான் வெளிய வர்றேன்."

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "வெளிய வரணும்னு இருந்தா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தெருவுல இத்தன பேரு இருக்கறாங்களே, தூக்கினு வந்திருக்க மாட்டாங்களா?"

"எவன் கேட்டான்?" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருட்டும்வரை யாரும் கட்டிலைத் தொடவில்லை.