தனம் அக்காவின் கிளச் இல்லாத வண்டி

காப்பிக் கடைக்கு எனக்குப் போன் வந்தால் எப்பவுமே பயம்தான். நல்ல சேதியை யார் அவசரமாகப் போன் போட்டுச் சொல்கிறார்கள்? போன செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். காப்பிக் கடைக்காரர் கை காட்டிக் கூப்பிட்டார். ஓடிப்போய் எடுத்தேன். தனம் அக்காவின் மகள் கலா. "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். துருவின தேங்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் தேங்காய் வியாபாரம் செய்கிறவர்களுக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்கு இடது கால் சூம்பிப் போனது. வீட்டுக்காரர் இறந்தபோது அவர் ஓட்டிய லாரி வாசலில் நின்றது. அதில் கிளச் மிதிக்க அக்காவுக்குக் கால் இல்லை. "வித்துட்டு வீட்டில இரு" என்றார் கொழுந்தனார். அக்கா லாரியை மட்டும் விற்றாங்க. ஈப்போ வரை போய்த் தேடி, கியர் தானாகவே மாறுகிற, ஆட்டோ கியர் வைத்த ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி வந்தாங்க. அப்போது அந்த மாதிரி வண்டி பினாங்கில் பார்க்கவே முடியாது.

மார்க்கெட்டில் மீன் விற்கிற பையன்கள் கேலி செய்வார்கள். "என்னாக்கா, சும்மா உட்கார்ந்தா வண்டி தானா போகுமா?"

"போகும்டா. நீதான் நாலு பேர் தள்ளினாலும் நகர மாட்டே."

வாய்தான் அப்படி. உள்ளே எப்பவும் பயம். கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப்பில் தேங்காய் ஏற்ற நானும் கூடப் போவேன். பாலத்தில் ஏறும்போது கியர் மாறுகிற சத்தம் கொஞ்சம் பிந்தினாலும் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாங்க. "கியர் போச்சுன்னா எனக்கு ரெண்டாவது தடவ கால் போன மாதிரி" என்பாங்க.

அதனால் தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு முன்மூடியைத் திறந்து, கியர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்ப்பாங்க. எண்ணெய் கல்யாண வீட்டு ரோஸ் சிராப் தண்ணி மாதிரி சிவப்பு. கம்பியில் இரண்டு கோடு. எண்ணெய் கீழ்க் கோட்டில் நிற்கும். அக்காவுக்கு அது போதாது. மேல் கோடு வரை ஊற்றுவாங்க. மறுநாள் மயிரிழை இறங்கியிருந்தாலும் திரும்ப ஊற்றுவாங்க. "கூட இருந்தா என்னா லா? கொறஞ்சாதானே ஆபத்து."

ஒரு வருஷம் தைப்பூசத்துக்குத் தவுக்கே என்று நாங்கள் சொல்கிற சீன முதலாளி ஒருவர், ரதத்துக்கு முன் உடைக்கத் தேங்காய் சொல்லியிருந்தார். அவர் கடை வாசலில் கொட்ட வேண்டும், ரதம் வருவதற்குள். வழியெல்லாம் ஜனம். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. திடீரென்று இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கருகின வாடை வந்தது. கீழே பார்த்தேன், ரோட்டில் எண்ணெய் கருஞ்சிவப்பாக ஒழுகியிருந்தது.

தண்ணீர்ப் பந்தல் இளைஞர்கள் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். வரிசையாக நின்று தேங்காயைக் கை மாற்றிக் கை மாற்றிக் கடை வாசலில் சேர்த்தார்கள். ரதம் வந்தது. தேங்காய் சிதறுகிற சத்தம் காதைப் பிளந்தது. அக்கா இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கும்பிட்டாங்க. "முருகா, ஒரு காலை நீ எடுத்துக்கிட்டே. இதையாச்சும் விட்டுடு."

திருவிழா முடிந்து வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஆ செங் பட்டறையில் விட்டோம். அவர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை நன்றாகச் சூடாக விட்டு, ஓடும்போதே கம்பியை உருவினார். மேல் கோட்டையும் தாண்டி ஒரே நுரை. மலாயில் கேட்டார், "அக்கா, எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"தினமும்தான்."

ஆ செங் சிரித்துவிட்டார். "எல்லாரும் பட்டினி போட்டுக் கெடுப்பாங்க. நீங்க ஊட்டி ஊட்டிக் கெடுத்திருக்கீங்க லா! ஆறின வண்டிக்குக் கீழ்க் கோடுதான் சரி. மேல் கோடு, ஓடிச் சூடான பிறகு பார்க்கிறது."

அக்கா சிரிக்கவில்லை. "பிழைக்குமா?"

அவர் விரலில் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். சிவப்பு போய்க் கறுப்பாகியிருந்தது. "கருகிப் போச்சு. மாத்தலேன்னா கண்டிப்பா போயிடும். மாத்தினாலும் பிழைக்குமான்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்கா வண்டியின் முன்மூடியைத் தடவினாங்க. பிறகு, "மாத்துங்க. பயந்து பயந்துதானே இவ்வளவு கெடுத்தேன்" என்றாங்க.

அடித்தட்டைக் கழற்றிக் கறுப்பு எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, புது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர்க் கம்பியை ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். வேறு யாரையும் அக்கா உட்கார விடவில்லை. பின் கியர், நடுக் கியர், முன் கியர். ஒன்றும் நடக்கவில்லை. ஆ செங் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். திரும்பவும் தள்ளினாங்க. 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி முன்னால் ஒரு அசைவு அசைந்தது. அக்கா ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதாங்க.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. ஆனால் முதல் நடை முடிந்து, வண்டி சூடாகத் திரும்பிய பிறகுதான் கம்பியைத் தொடுவாங்க. ஊற்றக் கை பரபரக்கும். "போதுமா? நல்லாப் பாரு, போதுமா?" என்று என்னையும் பார்க்கச் சொல்வாங்க. போதும் என்று நான் சொன்ன பிறகுதான் மூடுவாங்க.

போன வாரம் நெஞ்சு கனக்கிறது என்றாங்களாம். கலா டாக்சி கூப்பிடப் போனாள். "டாக்சி வர்றதுக்குள்ள நானே போயிடுவேன்" என்று ஓட்டிக்கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரியில் பார்க்கிங் கோட்டுக்குள் நேராக நிறுத்திவிட்டு இறங்கினாங்க. திரும்ப ஏறவில்லை.

தகனம் முடிந்து, ஆஸ்பத்திரியில் நின்ற வண்டியை எடுக்கக் கலாவோடு நானும் போனேன். கதவைத் திறந்தோம். ஓட்டுகிறவர் கால் வைக்கிற ரப்பர் விரிப்பு, வலது பக்கம் தேய்ந்து தகரம் தெரிந்தது. இடது பக்கம் கடையில் வாங்கின மாதிரியே புதுசாக இருந்தது. கிளச் வண்டி ஓட்டிப் பழகின கலா, தன் இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். பிறகு அந்தப் புது இடத்தில் படாமல் காலை மடக்கி வைத்துக்கொண்டாள். கியரைத் தள்ளினாள். வண்டி மெல்ல நகர்ந்தது.

அக்கா, வண்டி ஓடுது. பயப்படாமப் போங்க.