ஏற்றாமல் வந்த ஆட்கள்

போன செவ்வாய்க்கிழமை முழங்கால் வலிக்கு மருந்தெடுக்கப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. பசறையில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். நாலைந்து வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி மாட்டிக்கொண்டது. முந்திப் போக இடமில்லை. பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. மழையில் நனைந்து சாக்குக்குள் சூடேறிய பச்சைக் கொழுந்தின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அது புல் வாசமும் இல்லை, தேயிலை வாசமும் இல்லை. முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சாக்குகளுக்கு மேலே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். லொறி இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது என் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தி மிதித்தது. பக்கத்து சீட்டுக்காரர் என் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டிரைவருங்களா?"

"இருந்தேங்க."

ஓய்வுபெற்று ஐந்து வருஷமாகிறது. நான்தான் ஓய்வுபெற்றேன். என் கால் இன்னும் பெறவில்லை. டீவியில் வண்டி ஓடினால்கூட நாற்காலிக்கு முன்னால் அது தானாக பிரேக் மிதிக்கும். என் மகள் பார்த்துச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தப் பெண்களைப் பார்த்த பிறகு அன்று சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிட்டது காதில் விழாமல் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் லொறிக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபெக்டரியில் தேயிலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். மூட்டை தூக்குகிறவனுக்கு அதை ஏற்றிக்கொண்டு போகிற லொறியைப் பார்த்தால் ஆசை வராமல் இருக்குமா? பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் ஐயா நடத்திய லேனர்ஸ் என்கிற டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லீவு நாளில் போய், கிளட்ச்சை மிதித்து மிதித்து, கனரக லைசன்ஸ் பரீட்சைக்கு நின்றேன். பரீட்சை எடுத்த சிங்கள ஐயா "வமட்ட" என்றார். வம என்றால் இடப்பக்கம். அந்தப் பதற்றத்தில் எனக்கு அது வலம் என்று கேட்டது. வலப்பக்கம் திருப்பி நேரே ஒரு பழக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் திட்டவில்லை. இறங்கி ஒரு கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு, "அடுத்த மாசம் வா" என்றார்.

அடுத்த மாதம் பாஸாகிவிட்டேன். அதற்கடுத்த வருஷம் எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி என் கைக்கு வந்தது. ஆனால் வேலை நிரந்தரமில்லை. ஒரு வருஷம் ஒழுங்காக ஓட்டினால்தான் நிரந்தரம். நிரந்தர டிரைவர் என்று தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் கிடைத்துவிட்டால் வெளியே கொழும்பு லொறிகளில் வேலை எடுக்கலாம். லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவும் அதன் முன்னால் சமைக்க ஒரு குசினியுமாக இருந்த வாழ்க்கையிலிருந்து என் மகளை வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கடிதம்தான். அவளுக்கு அப்போது இரண்டு வயது.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறிப் போவார்கள். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் போய், தராசில் நிறுத்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்கு வருவேன். சாயங்காலத்தில் பெண்கள் சாக்குகளுக்கு மேலே ஏறிக்கொள்வார்கள். பகல் முழுக்க நின்ற கால்கள், நடந்தால் ஒரு மணிநேரம். நானும் ஒன்றும் சொல்வதில்லை. என் மனைவி பாக்கியமும் அந்த மலையில்தான் கொழுந்தெடுத்தாள். அவளும் ஏறிக்கொள்வாள். சும்மா ஏறமாட்டாள். "டிரைவர், மெதுவாப் போங்க" என்று எல்லாருக்கும் முன்னால் அதிகாரம் வேறு செய்வாள்.

ஒருநாள் சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், மோட்டார் சைக்கிளில் எதிரே வந்துவிட்டார். மறுநாள் எனக்கு எச்சரிக்கைத் துண்டு வந்தது. கொழுந்து லொறியில் ஆட்களை ஏற்றக்கூடாது, இன்னொரு தடவை கண்டால் லொறியை விட்டு இறக்கி மறுபடி சில்லறை வேலைக்கு அனுப்புவோம் என்று எழுதியிருந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை. சாக்கு சரிந்து ஆள் விழுந்த தோட்டங்கள் உண்டு. சட்டம் சரிதான். இத்தனை வருஷமும் அதை எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். சட்டத்தில் எனக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கணேசன் என்று எனக்கு ஒரு கூட்டாளி. மூட்டை தூக்கிய காலத்தில் மூட்டையின் அந்தப் பக்கத்தை அவன் பிடித்தான், இந்தப் பக்கத்தை நான் பிடித்தேன். நான் லொறிக்குப் போன பிறகு அவன் ஃபெக்டரி வாசலில் என் லொறியிலிருந்து கொழுந்து இறக்குகிற வேலையில் இருந்தான். அவன் மனைவி சரசு. ஹாலிஎலப் பக்கத்துப் பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வரும், எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அவள் பொங்கலில் ஏலக்காய் கூடுதல் என்று நான் சொல்ல, பாக்கியம் முறைப்பாள்.

அந்த நாள் ஐப்பசி மழைக்காலம். நாலு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாயங்காலம் பத்தாம் நம்பர் மலைக்குப் போனேன். தோட்டத்திலேயே தூரமான மலை அது. கொழுந்து நிறுத்து ஏற்றி முடிந்ததும் பன்னிரண்டு பெண்கள் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லொறியைச் சுற்றி நின்றார்கள். எனக்கு நிரந்தரக் கடிதம் வர இன்னும் மூன்று வாரம்.

கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதிய கணக்கப்பிள்ளை குடைக்குள் நின்றபடி, "ஒங்க இஷ்டம் டிரைவர். நான் பாக்கல" என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

சரசு முன்பக்கக் கதவுக்கிட்ட வந்தாள்.

"அண்ணே, எல்லாரையும் ஏத்த வேணாம். நான் மட்டும் முன்னுக்கு ஒக்காந்துக்கிறேன். கால் வீங்கிப் போயிருக்கு."

"துண்டு குடுத்திருக்காங்கம்மா. இன்னொரு தடவன்னா லொறியப் புடுங்கிருவாங்க."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"சரிண்ணே. நீங்க போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழையில் நிற்காமல் நீங்களாவது போங்கள் என்பது போலச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பாக்கியம் நின்றாள். என்னையே பார்த்தாள். நான் முதல் கியரைப் போட்டேன். பக்கக் கண்ணாடியில் அவர்கள் றோட்டை விட்டு இறங்கிக் குறுக்குப் பாதைக்குத் திரும்புவது தெரிந்தது. குறுக்கில் போனால் பாதி நேரத்தில் லயத்துக்குப் போய்விடலாம். தினமும் காலையில் அவர்கள் ஏறி வருகிற பாதைதான்.

ஃபெக்டரி வாசலில் லொறியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். கணேசன் வந்து லொறியின் பின்பலகையைத் திறந்தான்.

"சரசு வரல்லையா?"

"குறுக்குல வர்றாங்க."

"கால் வலின்னு காலைலயே சொன்னா" என்றான். முதல் சாக்கைத் தோளில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஆறாவது சாக்கோ ஏழாவது சாக்கோ, அவன் தோளில் இருக்கும்போதுதான் மேலேயிருந்து ஒருவர் ஓடிவந்தார். குறுக்கில் மண் சரிந்துவிட்டது என்றார்.

ஓடினோம். பதினொரு பெண்கள் சரிவுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். பாக்கியம் இடுப்புவரை சேறாக நின்றாள். நான் முதலில் அவளைத்தான் எண்ணினேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் என் நெஞ்சு ஆறியது. அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்தேன். சரசு கால் வலியால் பின்தங்கி வந்திருக்கிறாள். மண் அவளை மட்டும் எடுத்துக்கொண்டது.

மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினோம். அவளை வெளியே எடுத்தபோது சின்னத்தொரை வந்து நின்றிருந்தார். சின்ன வயதுக்காரர், முகம் வெளுத்துப் போயிருந்தது.

"லொறியில ஏத்துங்க" என்றார்.

ஏற்றினோம். சாக்கு விரித்துப் பின்னால் படுக்கவைத்தோம். கணேசன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பதுளை ஆஸ்பத்திரிவரை நான் ஓட்டினேன். உயிர் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் குலுங்காமல் ஓட்டினேன். அன்றைக்கு மாதிரி நல்லா நான் ஒருநாளும் லொறி ஓட்டியதில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர், கவனமான சாரதி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வருஷம் பதுளையில் ஒரு லொறிக் கம்பெனியில் சேர்ந்தேன். கொழும்புக்குப் போகும்போது தேயிலை, வரும்போது மாவும் சீமெந்தும். பெரகலை இறக்கத்தில் மூடுபனிக்குள் இரண்டாம் கியரில் இறங்குவது, இரத்தினபுரியில் வெள்ளம் வடியும்வரை நாள் கணக்கில் காத்துக்கிடப்பது, பிரேக் சூடேறினால் வருகிற கருகல் வாசத்தை மற்றவர்களுக்கு முன் பிடித்துவிடுவது, எல்லாம் பழகிவிட்டது. மகளை டவுன் ஸ்கூலில் சேர்த்தேன். பசறையில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினேன். இருபத்தெட்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை.

அந்தக் கம்பெனியிலும் ஆட்களை ஏற்றக்கூடாது என்று சட்டம் இருந்தது. நான் ஏற்றினேன். மழையில் மூட்டையோடு நின்றவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், கை நீட்டாதவர்களைக்கூட நிறுத்திக் கேட்டு ஏற்றினேன். யாராவது பிடிக்கட்டும், எழுதட்டும், வேலையைப் பறிக்கட்டும் என்று ஏற்றினேன். யாரும் பிடிக்கவில்லை. ஒரு தடவைகூட யாரும் எழுதவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற அன்று மேடையில் நிறுத்தி மாலை போட்டார்கள். "இவர் ஒரு நாளும் ரூல் மீறினதில்ல" என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

பாக்கியம் அதைப்பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். வீடு குடிபுகுந்த அன்று, பால் பொங்கியதும், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு ஏத்தியிருந்தா லொறி போயிருக்கும். இந்த வீடும் இருந்திருக்காது."

"ஆமா."

"இல்லாமப் போனா என்ன?" என்றாள்.

கணேசன் என்னிடம் சொன்னதும் ஒரே ஒரு வார்த்தைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, "நீ என்னா பண்ணுவ. ஒன் வேலை அப்படி" என்றான். சரசு என்னிடம் வாய்விட்டுக் கேட்டாள் என்பது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. பாக்கியம் சொல்லியிருக்கமாட்டாள். மற்றப் பெண்கள் சொல்லியிருக்கலாம். அதன் பிறகும் ஒரு வருஷம் தினமும் என் லொறியிலிருந்து அவன்தான் கொழுந்து இறக்கினான். பலகையைத் திறப்பான், சாக்கைத் தோளில் எடுப்பான், போவான். நான் சீட்டை விட்டு இறங்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் அவனிடம் போய், அவள் கேட்டாள், நான்தான் மாட்டேன் என்றேன், என்று சொல்லவேண்டும் என்று இருபத்தெட்டு வருஷமும் நினைத்தேன். இதற்கிடையில் அந்த ஃபெக்டரியை மூடிவிட்டார்கள். கணேசன் மொனராகலைப் பக்கம் கரும்பு வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். சீனி ஏற்ற நான் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது பார்ப்போம் என்பேன். திரும்பி வரும்போது லோட் இருக்கும். பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே சில்லறைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருநாள் தேங்காய் எடைபோட்டுக்கொண்டே, "ஒங்க தோட்டத்துக் கணேசன் மௌத்தாயிட்டாராமே, தெரியாதா?" என்றார். அவன் செத்து அப்போதே ஒரு மாதமாகியிருந்தது. அதற்கடுத்த வருஷம் பாக்கியமும் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலையில், வலிக்கிற முழங்காலோடு தோட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். நாங்கள் இருந்த லயத்தை ஆபத்தான இடம் என்று ஆட்களை வேறிடத்துக்கு எழுப்பி இடித்துவிட்டார்கள். சீமெந்துத் தரை மட்டும் கிடக்கிறது, எங்கள் காம்பரா எது, கணேசன் காம்பரா எது என்று பிரிக்க முடியவில்லை. பத்தாம் நம்பர் மலையில் தேயிலை இல்லை. மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. குறுக்குப் பாதை இறங்குகிற இடத்தை எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

தோட்ட ஆபீசில் ஒரு பெண் பிள்ளை கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். மரியாதையான பிள்ளை. உட்காரச் சொல்லி, யாரைப் பற்றித் தெரியவேண்டும் என்று கேட்டாள். சரசுவின் முழுப்பேரைச் சொன்னேன். கொழுந்தெடுத்தவர், மண்சரிவில் செத்துப்போனவர் என்றேன். அவள் தேடினாள். உள்ளே போய், பேரும் சம்பளமும் எழுதுகிற பழைய செக்ரோல் புத்தகங்களைப் பற்றி யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"பழைய புத்தகமெல்லாம் கரையான் அரிச்சிருச்சாம் ஐயா. அப்படி ஒருத்தரு இருந்ததா இங்க ஒருத்தருக்கும் தெரியல. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"அண்ணன்" என்றேன்.