காப்பி எந்திரத்தில் விழுந்த வருடங்கள்

காசுப் பெட்டியைக் கவிழ்க்கும்போது அவர் பார்ப்பதில்லை, கேட்கிறார். கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் சில்லறை முழுவதும் கொட்டி முடியும்வரை தலையைச் சற்றுச் சாய்த்து நிற்பார். பிறகு உள்ளங்கையால் தடவித் தடவிக் குவியலை ஒரே அடுக்காகப் பரப்புவார். அப்புறம்தான் கண் வேலை செய்யத் தொடங்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது என்று சொல்வார்களே, அதை நான் நேரில் பார்த்தது அவரிடம்தான். மங்கிப்போன காசுகளுக்கு நடுவே ஏதோ ஒன்றை நோக்கி இரண்டு விரல்கள் இறங்கும். அவை காசின் ஓரத்தை மட்டுமே தொடும். இன்னொரு கை தானாகவே அதன் கீழே போய், தண்ணீர் ஏந்துவது போலக் குவிந்துகொள்ளும்.

அவர் வேலை காப்பி எந்திரங்களுக்குத் தீனி போடுவது. ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், கல்லூரி என்று காசு போட்டால் காப்பியும் பாலும் சூப்பும் ஊற்றித் தரும் எந்திரங்கள் எங்கெல்லாம் நிற்கின்றனவோ, அங்கெல்லாம் தள்ளுவண்டியோடு போவார். பொடி நிரப்புவார், கோப்பைகளை அடுக்குவார், குழாயின் மூக்கைத் துடைப்பார், காசுப் பெட்டியைக் காலி செய்வார். பள்ளி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் இந்தக் கம்பெனிக்கு வந்த நான் அதே வண்டியின் மறுபக்கத்தைத் தள்ளுகிறேன். அதனால்தான் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

கம்பெனியில் அவருக்கு 'ஓரம் அக்கா' என்று பெயர். யாராவது நல்ல காசு ஒன்றைப் பார்க்கிறேன் பேர்வழி என்று விரலை அதன் மேல் வைத்தால் "ஓரம், ஓரம்" என்பார். ஆஸ்பத்திரி நடையில் வண்டி தள்ளும்போது கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதும் அதையேதான். ஆட்கள் விலகிவிடுவார்கள். விரல்கள்தான் லேசில் விலகாது.

குட்டையான, கெட்டியான உடம்பு. கழுத்தில் ஒரு நாடா. அதில் எந்திரச் சாவிகளோடு ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியும் தொங்கும். இடுப்பில் ஒரு துணிப்பை, அதில் அவருடைய சொந்தச் சில்லறை. பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்தால் அதே மதிப்புள்ள காசு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, எங்கள் கண் முன்னால் குவியலில் போட்டுவிடுவார். சூப்பர்வைசர் அந்தப் பைக்குக் 'கிளை அலுவலகம்' என்று பெயர் வைத்திருக்கிறார். கணக்கு சரியாக இருக்கும்வரை கிளை அலுவலகத்தின் மேல் அவருக்குப் புகார் இல்லை.

பழைய காசு என்றாலே அக்காவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஒரு நாள் தேய்ந்துபோன ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பழசு யாருகிட்டயும் கிடைக்கும். பழசா இருக்கணும், கெடாமலும் இருக்கணும். அதான் கஷ்டம். மனுஷனுக்கும் அதே கஷ்டம்தான்."

காசின் மேல் கண்ணாடியை வைத்து என்னையும் பார்க்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். அச்சிலிருந்து விழுந்த நாளில் இருந்த பளபளப்பு அப்படியே தங்கிய காசு அது. வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் ஓர் ஒளிக்கீற்று கடிகார முள்ளைப் போல முகத்தைச் சுற்றி ஓடியது. எத்தனையோ கைகள், சட்டைப்பைகள், கல்லாக்கள் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கீற்று பிழைத்திருந்தது. இன்னொரு முறை ரயில் நிலையத்துப் பெட்டியில் படம் நகர்ந்த காசு ஒன்று கிடைத்தது. கிரகணத்து நிலவைப் போல உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது, மறுபக்கம் வெறும் உலோகம். நடைமேடையில் ரயில் வந்து போகும்வரை நாங்கள் இருவரும் குனிந்தே நின்றோம். அந்த அச்சுக்கும் ஒரு நாள் கை நழுவியிருக்கிறது பார் என்று மட்டும் சொன்னார்.

சாவிக்கொத்தில் ஒரு காசு துளை போட்டுத் தொங்குகிறது. கண் கூசும் அளவுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். அவருக்குக் கிடைத்த முதல் நல்ல காசு அதுதானாம். சந்தோஷத்தில் பற்பசை போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்து, காசு வாங்கி விற்கும் கடைக்காரரிடம் பெருமையாகக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரர் கையில்கூட வாங்கவில்லை. காசின் தோலை உரித்துவிட்டாயே அம்மா என்றாராம். "கொன்னுட்டு அலங்காரம் பண்ணிக் கொண்டு போயிருக்கேன்" என்று இப்போது சிரிக்கிறார். ஆனால் அதைக் கழற்றி எறியவும் மாட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் படி ஏறவில்லை. தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். விலை கொடுத்து ஒரு காசும் வாங்கக் கூடாது, பெட்டியில் தானாக விழுந்தது மட்டும்தான் சேர்த்தி. அவருடைய வீட்டுக்காரருக்குப் பஞ்சர் கடை. எங்களைப் பார்த்தால் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே சொல்வார்: "எங்க வீட்ல காசு பாக்குறது அவ. காசைத் தேடி அலையிறது நான்." அக்கா விடமாட்டார். டயரில் ஓட்டை தேடுகிற மனிதருக்குக் காசில் என்ன தெரியும் என்பார்.

வீட்டுத் துணி அலமாரியில், மடித்த போர்வைகளுக்குக் கீழே அவருடைய காசுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணாடித்தாள் பைகள், ஒவ்வொரு பைக்குக் கீழும் வருடம். எல்லாப் பைகளும் நிரம்பியிருக்கின்றன, ஒன்றைத் தவிர. அந்த வருடத்தை அவர் 'குறைச்சல் வருஷம்' என்கிறார். அந்த வருடம் உலோகத் தட்டுப்பாடு வந்து நாணயச் சாலை கொஞ்சம் காசுதான் அடித்ததாம். இத்தனை வருட வேலையில் அது ஒரு பெட்டியிலும் விழவில்லை. அவர் வாயிலிருந்து குதிரைக்கொம்பு என்ற சொல் வந்தால் இந்தக் காசைத்தான் சொல்கிறார் என்று பொருள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், நெடுநாள் நோயாளிகள் இருக்கும் பகுதிக்கு வெளியே எங்கள் எந்திரம் ஒன்று இருக்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் அந்தப் பெட்டியைக் கவிழ்த்தபோது அக்காவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. மங்கிய குவியலில் மூன்று காசுகள் மட்டும் விளக்குப் போட்டது போலக் கிடந்தன. மூன்றும் நான் பிறப்பதற்கு வெகு காலம் முந்தையவை, மூன்றும் நேற்று அடித்தவை போல இருந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் மடித்தார். அன்று முழுக்க, வண்டிக்குச் சக்கரமே இல்லாதது போல அவர் மிதந்து போனார்.

அடுத்த முறை போனபோது இன்னும் சில கிடைத்தன. அதற்கடுத்த முறையும் கிடைத்தன. அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. காகித மடிப்புகளை விரிப்பின் மேல் வரிசையாகப் பிரித்து வைத்தார்.

"வருஷத்தைப் பாரு."

பார்த்தேன். முதல் தடவை கிடைத்தவை அடுத்தடுத்த மூன்று வருடங்கள். இரண்டாம் தடவை கிடைத்தவை அவற்றுக்கு அடுத்த வருடங்கள். மூன்றாம் தடவை அதற்கும் அடுத்தவை. ஒரு வருடமும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் இரட்டிக்கவும் இல்லை.

யாரோ ஒரு காசுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கழற்றிக் கழற்றிக் காப்பி குடிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் காற்றுக்கும் விரலுக்கும் காட்டாமல் காத்த வருடங்கள், கோப்பைக்கு ஒன்றாக, எங்கள் எந்திரத்தின் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தன. இறங்கும்போது தகடுகளில் மோதி ஒவ்வொன்றும் ஒரு கீறலாவது வாங்கிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணாடியை வைத்து அந்தக் கீறல்களைப் பார்த்து முகம் சுளித்தார், தனக்கே பட்டது போல.

இதே வேகத்தில் போனால் அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ குறைச்சல் வருஷம் வரும். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை பஞ்சர் கடையில் இதுதான் பேச்சு. வீட்டுக்காரர் முதல் முறையாக டயரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். இவள் யாரிடமும் பிடுங்கவில்லை, கேட்கவும் இல்லை. அவர்களாகப் போடுகிறார்கள், பெட்டியில் விழுகிறது, அதற்கு ஈடாகக் காசு போட்டு எடுக்கிறாள். "உன் சட்டப்படியே வருதே. சும்மா இருந்தா போதும், பழம் நழுவிப் பாலில விழும்."

அக்கா சாவிக்கொத்தில் தொங்கும் அந்த வெள்ளைக் காசை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மூன்றாம் மாடிப் பெட்டியைக் கவிழ்த்தபோது நல்ல காசு ஒன்றுதான் கிடைத்தது, குறைச்சல் வருஷத்துக்கு முந்தைய வருடம். அக்கா அதைக் காகிதத்தில் மடித்தார். பெட்டியைப் பூட்டினார். பிறகு, கிளம்பலாம் என்று நான் வண்டியைத் திருப்பிய நேரத்தில், எந்திரத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் இரண்டு மாடி பாக்கியிருந்தது. சூப்பர்வைசரிடமிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யார் யாரோ வந்து காசு போட்டார்கள். ஒவ்வொரு கையையும் அக்கா பார்த்தார். சட்டைப்பையைத் தடவிச் சில்லறை எடுத்தவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி விட்டுவிட்டார்.

கடைசியில் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா வந்தார். தூக்கம் கெட்ட கண்கள், தோளில் துவாலை. மூடிய கையை எந்திரத்துக்கு முன்னால்தான் திறந்தார். உள்ளங்கையின் ஈரத்தில் ஒரே ஒரு காசு, அதன் முகத்தில் கட்டைவிரல்.

அக்கா எழுந்த வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எந்திரத்தின் வாய்க்கு முன்னால் தன் கையை வைத்து மறைத்துவிட்டார்.

"அம்மா, அதைப் போடாதீங்க."

அந்த அம்மா திடுக்கிட்டுப் போனார். சீருடையைப் பார்த்தார். "ஏம்மா, இது செல்லாதா?"

"செல்லும்மா. அதான் பிரச்சினையே."

இடுப்புப் பையை அவிழ்த்து, சாதாரணச் சில்லறையை அந்த அம்மாவின் இன்னொரு கையில் கொட்டினார். எதை வேண்டுமானாலும் போட்டுக் குடியுங்கள், அதை மட்டும் என்னிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினார். காசு கை மாறியது. அக்கா அதை ஓரத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமலே வருடத்தைப் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒளிக்கீற்று அதன் முகத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. குறைச்சல் வருஷமேதான்.

காப்பி ஆறிக்கொண்டிருக்க அந்த அம்மா விவரம் சொன்னார். உள்ளே படுத்திருப்பது அவருடைய அண்ணன். தனியாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பார்த்துக்கொள்ள இவர் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார். இந்த எந்திரம் நோட்டு வாங்காது. அண்ணன் வீட்டு மேசையில் ஒரு புத்தகம் நிறையச் சில்லறை இருந்தது. அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். "பொழுது போகாம ஒவ்வொன்னா பொட்டலம் கட்டி வச்சிருக்கான்னு நெனச்சேன். எடுக்க எடுக்கக் கிழிக்க வேண்டியிருந்துது, எரிச்சலா வந்துது." அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரல் இறங்கி, "தப்புப் பண்ணிட்டேனா?" என்றார்.

அக்கா சாவிக்கொத்தைத் தூக்கி அந்த வெள்ளைக் காசைக் காட்டினார். "நான் பண்ணதைப் பாருங்க. நீங்க காப்பிதான் குடிச்சீங்க." அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தார்.

உள்ளே கட்டில் ஜன்னலோரமாக இருந்தது. மெலிந்த மனிதர், கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நாங்கள் வந்ததற்கும் அவர் கண் திரும்பவில்லை. இடக்கையில் குறை ஒன்றும் இல்லையாம், ஆனால் எதையும் பிடிக்க மாட்டேன் என்கிறாராம். கரண்டியைக் கொடுத்தால் விட்டுவிடுகிறார். பயிற்சி கொடுக்க வருகிறவர் தினமும் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு மன்றாடிவிட்டுப் போகிறார். தங்கை அதைச் சொன்னபோது அந்தப் பந்து போர்வையின் மடிப்பில் கிடந்தது.

தங்கை பையிலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தகத்தை அக்கா கட்டிலின் மேல் விரித்தார். முதல் பக்கங்களில் கிழிந்த கண்ணாடித்தாள்களும், அவற்றுக்குக் கீழே குண்டுகுண்டான கையெழுத்தில் வருடங்களும் மட்டும் இருந்தன. மறுநாளே அக்கா தன்னிடம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து பைக்குப் பை போட்டுவிட்டார். ஆனால் அன்று அவர் கையில் இருந்தது இரண்டே காசுகள். ஒன்று காகிதத்தில் மடித்திருந்த முந்தைய வருடம். அதை அதன் பையில் செருகினார். மற்றது குறைச்சல் வருஷம்.

அதை உடனே வைக்கவில்லை. எனக்குத் தெரியும், தன் வீட்டு அலமாரியில் போர்வைகளுக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றைக் காலிப் பையை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தங்கை எதையும் மறுக்கும் நிலையில் இல்லை. இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எடுத்துக்கொள்ளம்மா என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

அக்கா கட்டிலைச் சுற்றி ஜன்னல் பக்கம் போனார். காசைத் தன் உள்ளங்கையில் வைத்து, படுத்திருந்தவரின் கண்ணுக்கு நேரே நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் பார்வை கூரையிலிருந்து இறங்கி வந்தது, வெகு தூரத்திலிருந்து வருவது போல. இடக்கை போர்வையை விட்டு எழுந்தது. நடுங்கிக்கொண்டே வந்தது. அக்காவின் உதடுகள் பழக்கத்தில் பிரிந்தன. அந்த வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரண்டியைப் பிடிக்காத அந்த விரல்கள் இரண்டு, காசின் முகத்தை விட்டு விலகி, ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கின. வெளிச்சத்துக்காக அவர் அதை ஜன்னல் பக்கம் மெல்லத் திருப்பினார்.

அக்கா தன் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, அந்த நடுங்கும் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.